தீபாவளி முடிந்ததும் பசுமை

12-09-2024 — ஆலோசனைக் கூட்டம், காபி, மெதுவடை — ரூ. 640
05-12-2024 — ஸ்ரீரங்கம் போய்வர ஆட்டோ — ரூ. 320
18-03-2025 — பசுமை சப்ளை செயின் பற்றிய ஒரு நாள் பயிற்சி, மதியச் சாப்பாட்டுடன் — ரூ. 1,500
26-08-2025 — பிளெக்ஸ் பேனர், பத்தடிக்கு ஆறடி — ரூ. 1,080
27-08-2025 — பொன்னாடை மூன்று — ரூ. 540
28-08-2025 — தண்ணீர் பாட்டில், ரிப்பன், கத்தரிக்கோல் — ரூ. 905
மேற்படி தேதி வரை அட்டைப் பெட்டி வாங்கிய வகையில் — இல்லை

மேலே கண்டது ஒரு வியாபாரி பிளாஸ்டிக்கை விட்டுப் பசுமைக்கு மாறிய செலவு என்று நினைத்துவிடாதீர்கள். இது மாறப்போவதற்கான செலவு. மாறுவதற்கு ஆகும் செலவு தனி. அந்தப் பக்கம் அவர் இன்னும் போகவில்லை.

மாறப்போகிறவர் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் எந்தக் கடைவீதிக்குள் நுழைந்தாலும் கடைக்கு ஒருவராகக் கிடைப்பார். அவரைக் கெட்டவர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்; இந்த இனத்தில் கெட்டவர்களே கிடையாது. கெட்டவராக இருந்தால் "நான் மாறமாட்டேன், போய்யா" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். இவர் அப்படி இல்லை. ஆற்றைப் பற்றிக் கவலைப்படுவார், காற்றைப் பற்றிக் கவலைப்படுவார், உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் ஐந்தாம் தேதி காலை ஆறு மணிக்கே எல்லோருடைய போனுக்கும் ஒரு மரத்தின் படம் அனுப்புவார், பேரப்பிள்ளைகள் எந்த உலகத்தில் வாழப்போகிறார்களோ என்று பெருமூச்சு விடுவார், அந்தப் பெருமூச்சு அடங்குவதற்குள் "தம்பி, அந்த அரைக்கிலோ கவர் ஒரு கட்டு எடு" என்பார்.

எனக்கு நெருக்கமாகக் கிடைத்த உதாரணம், ஜெயக்குமார். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் முறுக்கு, தட்டை, சீடை மொத்த வியாபாரம். காலை வேளைகளில் அவர் கடையில் நான் கணக்கு எழுதுகிறேன் என்பதால், இந்த இனத்தின் பழக்க வழக்கங்களைப் பக்கத்து நாற்காலியிலிருந்தே பார்க்கும் வசதி எனக்கு உண்டு.

போன வருஷத்துக்கு முந்தைய ஆடிப்பெருக்கன்று நாங்கள் இருவரும் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போயிருந்தோம். தண்ணீரில் பூவும் வாழைப்பழமும் மிதந்தன. அவற்றோடு பிளாஸ்டிக் கவர்களும் மிதந்தன. ஜெயக்குமாருக்குக் கண் கலங்கிவிட்டது. "காவிரியை என்ன பாடு படுத்துறாங்க பாருங்க ஐயா. மனுசங்களா இவங்க?" என்றார். அப்போது ஒரு கவர் படி ஓரமாக வந்து ஒதுங்கியது. அதில் அவர் கடையின் பெயர். குனிந்து எடுத்தார், துடைத்தார், வெயிலில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "நம்ம கடைப் பேரு ஒரு எழுத்து அழியல பாருங்க. என்ன பிரிண்டிங்!"

இப்படிப்பட்டவரிடம்தான் 2024 செப்டம்பரில் வளவன் வந்து சேர்ந்தார். சென்னையில் உள்ள ஓர் ஓட்டல் நிறுவனத்தில் சாமான் கொள்முதலைப் பார்க்கும் அதிகாரி. இளைஞர், மரியாதை தெரிந்தவர். அவர்கள் ஓட்டல்களில் அறைக்கு ஒரு சின்னப் பொட்டலம் மணப்பாறை முறுக்கு வைக்கப்போகிறார்கள். வருஷம் முழுவதும் ஆர்டர். ஒரே நிபந்தனை. முறுக்கு வெந்த அடுப்பிலிருந்து விருந்தினர் அறை மேசை வரை, வழியில் எங்கேயும் பிளாஸ்டிக் இருக்கக்கூடாது.

"ஒரு வருஷம் டைம் தரேன் சார். அடுத்த தீபாவளிக்கு ஆரம்பிக்கணும்" என்றார் வளவன்.

"ஒரு வருஷம் எதுக்கு சார்? இந்தத் தீபாவளி முடியட்டும், மறுநாளே மாறிடலாம்" என்றார் ஜெயக்குமார்.

இதை நம்பி ஒரு காரியம் செய்தவர் அமிர்தம். ஸ்ரீரங்கத்தில் வடக்கு உத்திர வீதிக்குப் பின்னால் ஒரு கொட்டகை எடுத்து, இரண்டு பெண்களோடு கல்யாண ஸ்வீட் பெட்டி செய்துகொண்டிருந்தவர். ஜெயக்குமார் சொன்ன வார்த்தைக்காக, முறுக்குப் பெட்டியைச் சரியான அளவில் வெட்டும் மெஷின் ஒன்றை சிவகாசியிலிருந்து வாடகைக்குக் கொண்டுவந்துவிட்டார்; அதற்காக இன்னும் நான்கு பெண்களை வேலைக்கும் சேர்த்துவிட்டார். மெஷின்காரர் கறாரானவர். 2025 தீபாவளிக்குள் ஒரு வருஷ ஆர்டரைக் காட்டினால் மெஷின் அங்கேயே இருக்கும்; காட்டாவிட்டால் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். மெஷின் போனால் ஆறு பேரில் நான்கு பேருக்கு வேலை இல்லை.

இனி, மாறப்போகிறவரின் ஆண்டைப் பாருங்கள். அந்தத் தீபாவளி முடிந்தது, மழைக்காலம் வந்துவிட்டது. மழையில் அட்டை ஊறாதா? மழை ஓய்ந்தது, மார்கழி பிறந்தது. மார்கழியில் யாராவது புதுக் காரியம் தொடங்குவார்களா? அதே மார்கழியில் வைகுண்ட ஏகாதசி, சொர்க்கவாசல், ஊரே ஸ்ரீரங்கத்தில் நிற்கிறது. நின்று மூச்சு விட நேரம் உண்டா? தை பிறந்தது, பொங்கல் ஆர்டர். பொங்கல் முடிந்தது, கல்யாண சீசன். மாசி பங்குனியில் வருஷக் கணக்கு முடிக்க வேண்டும், ஆடிட்டர் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறார். சித்திரை வெயிலில் கடைக்கு ஆள் வருவதே இல்லை, வராத ஆளுக்கு எதற்குப் புதுப் பெட்டி? வைகாசி ஆனியில் பள்ளிக்கூடம் திறக்கிறது, கையில் ரொக்கம் இல்லை. ஆடியில் கூடாது. கூடவே கூடாது. ஆக, உலகத்தைக் காப்பாற்ற ஆவணியில் சில நாட்கள் மிஞ்சுகின்றன. அதற்குள் அடுத்த தீபாவளி ஆர்டர் வந்துவிடும்.

இதில் ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் சொல்லும் காரணம் ஒவ்வொன்றும் உண்மை. அதுதான் அவருடைய பலம். கவருக்கு ஆவது அறுபது பைசா, பெட்டிக்கு ஆறு ரூபாய், உண்மை. கவர் சாக்கில் அடங்கும், பெட்டி இடத்தை அடைக்கும், உண்மை. பாங்கியில் கடன் கேட்டால் பிளாஸ்டிக் மெஷினுக்குக் கொடுத்துப் பழகிய கை, அட்டை மெஷினுக்கு நீளாது; அதுவும் உண்மை. பொய்க் காரணம் சொல்கிறவரை ஒரு நாள் மடக்கிவிடலாம். உண்மைக் காரணங்களை மாதத்துக்கு ஒன்றாகச் சேமித்து வைத்திருக்கிறவரை என்ன செய்வது?

டிசம்பரில் மாதிரிப் பெட்டி பார்க்க அமிர்தத்தின் கொட்டகைக்குப் போனோம். பெட்டி நன்றாகவே இருந்தது. உள்ளே எண்ணெய் ஊறாத தாள், மேலே மூடி, விரல் விட்டுத் திறக்க ஒரு சின்ன வெட்டு. ஜெயக்குமார் அதை முகர்ந்து பார்த்தார். மாறப்போகிறவர் எதையும் முதலில் முகர்ந்து பார்ப்பார்.

"பசை என்ன பசைம்மா?"

"மரவள்ளி மாவு சார். பச்சைமலையிலிருந்து வருது. கெமிக்கல் ஒண்ணும் கிடையாது."

"மலையிலிருந்து எப்படி வருது?"

"பஸ்ஸுல போட்டு விடுவாங்க சார்."

ஜெயக்குமார் என் பக்கம் திரும்பினார். முகத்தில் அவ்வளவு வருத்தம். "பஸ்ஸுல வருதாம் ஐயா. அப்ப டீசல் புகை இருக்கே. அது கணக்குல வராதா?"

அமிர்தம் பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். "ஏன் சார், நீங்க இங்க வந்த ஆட்டோ என்ன தண்ணியிலயா ஓடுச்சு?"

"நான் வந்தது பசுமை விஷயமா வந்ததும்மா" என்றார் ஜெயக்குமார்.

தன் வீட்டுப் புகை கண்ணுக்குத் தெரியாது. மரவள்ளி மாவு வரும் பஸ்ஸின் புகை மட்டும் மூக்கில் ஏறும். மார்ச்சில் ஒரு நாள் பயிற்சிக்குப் போய்வந்த பிறகு இது இன்னும் முற்றியது. யாரைப் பார்த்தாலும் "உங்க சப்ளை செயின் எங்க ஆரம்பிக்குது?" என்று கேட்கத் தொடங்கினார். காபி கொண்டுவந்த பையன்கூடத் தப்பவில்லை.

இந்த இனம் தனியாக வாழாது என்பதையும் சொல்ல வேண்டும். கூட்டமாகத்தான் வாழும், ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். மணப்பாறையிலிருந்து சரக்கு ஏற்றி வரும் வேன் ரசூல் பாயுடையது. அவரோடு ஒரு நாள் பேச்சு.

"பாய், நான் பெட்டிக்கு மாறப்போறேன். வேன்ல நசுங்காம கொண்டுவரணும். பலகை வச்சுத் தட்டு மாதிரி அடிச்சுக்குங்க."

"அடிச்சுடலாம். நீங்க பெட்டி போடுங்க, மறுநாள் பலகை அடிக்கிறேன்."

"பலகை இல்லாம பெட்டி போட்டா நசுங்கிடுமே பாய். நீங்க முதல்ல அடிங்க."

"பெட்டியே இல்லாத வண்டிக்குப் பலகை அடிச்சா என்னைப் பைத்தியம்பாங்க. நீங்க முதல்ல போடுங்க."

"சரி, மத்த வியாபாரிங்க என்ன சொல்றாங்க?"

"நீங்க மாறினா மாறுறோம்னு சொல்றாங்க."

"பார்த்தீங்களா? நான் எப்பவோ ரெடி. இவங்களாலதான் லேட்டு."

இரண்டு பேரும் டீ குடித்தார்கள். பிளாஸ்டிக் கப்பில்.

ஆவணி வந்தது. வளவன் போனில் கறாராகப் பேசிவிட்டார். தீபாவளிக்கு இரண்டு மாதம்கூட இல்லை. அமிர்தம் தினம் காலையில் கடை வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார். வேறு வழி இல்லாமல் போகவே ஜெயக்குமார் செய்ய வேண்டியதைச் செய்தார். விழா வைத்தார்.

நம் ஊரில் ஒரு காரியத்தைத் தொடங்க வேண்டும் என்றால் அதைத் தொடங்கக்கூடாது, தொடக்க விழா நடத்த வேண்டும். சந்தின் முகப்பில் "பிளாஸ்டிக்கை ஒழிப்போம், பசுமைக்கு மாறுவோம்" என்று பத்தடிக்கு ஆறடி பிளெக்ஸ். அதில் பூமி உருண்டைக்குப் பக்கத்தில் பூமியைவிடச் சற்றுப் பெரிய அளவில் ஜெயக்குமாரின் தலை. வந்தவர்களுக்கெல்லாம் பாட்டில் தண்ணீர். வளவனுக்கும், வியாபாரிகள் சங்கத் தலைவருக்கும், தனக்குத்தானே போட்டுக்கொள்வது அழகல்ல என்று சொல்லி ரசூல் பாய் கையால் தனக்கும், மூன்று பொன்னாடை. ஒவ்வொரு பொன்னாடையும் பளபளவென்று ஒரு கவருக்குள் இருந்து உருவப்பட்டது. உருவிய கவர்கள் காற்றில் எழுந்து சந்தைத் தாண்டிப் போயின. யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

மேடையில் வளவன் முதல் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அமிர்தம் மாதிரிக்காக இலவசமாகக் கொடுத்த பெட்டிகள் அவை. மணப்பாறையில் முறுக்கு சுடும் மாரியாயி அவற்றில் அடுக்கி அனுப்பியிருந்தார்; அவரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வளவன் மூடியைத் திறந்தார். உள்ளே விரலை விட்டார். மைக்கில் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு சத்தம் வந்தது. சரசர.

பெட்டிக்குள் கவர். கவருக்குள் முறுக்கு.

"என்ன சார் இது?" என்றார் வளவன், மைக்கை மறந்து.

"அது உள்ள இருக்கு சார்" என்றார் ஜெயக்குமார் பணிவாக. "வெளிய முழுக்கப் பசுமைதான்."

"நிபந்தனை என்ன சொன்னேன்?"

"முறுக்கு நமுத்துப்போச்சுன்னா உங்க ஓட்டலுக்குத்தானே சார் கெட்ட பேரு? உங்களுக்காகத்தான் செஞ்சேன்."

வளவன் மாரியாயியைப் பார்த்தார். மாரியாயி கையை விரித்தார். "நான் அப்பவே கேட்டேன் சாமி. கவருல போட்டுத்தான் பெட்டியில வைக்கணும்னா பெட்டி எதுக்குன்னு. முதலாளி போன்ல, பெட்டி போட்டோவுக்கு, கவர் முறுக்குக்குன்னாரு."

கூட்டம் சிரித்தது. அமிர்தம் சிரிக்கவில்லை. அவர் பொன்னாடையைப் பார்க்கவில்லை, பேனரைப் பார்க்கவில்லை. வளவன் பையை எடுத்துத் தோளில் மாட்டுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து நேராக மேடைக்குப் போனார்.

"சார், ஒரே ஒரு தடவை. முந்நூறு பெட்டி நாங்க அனுப்புறோம். முதலாளி கை படாம. கவர் இருந்தா அன்னைக்கே திருப்பி அனுப்பிடுங்க, நான் மெஷினை ஏத்தி விட்டுடறேன்."

வளவன் ஒப்புக்கொண்டார். முந்நூறு பெட்டி, அறைகளில் வைத்துப் பார்ப்பார்கள், முடிவைக் கடிதத்தில் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு அமிர்தமும் மாரியாயியும் போட்ட சண்டையைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். முதல் ஐம்பது பெட்டி முறுக்கு நமுத்தது. பெட்டிதான் குற்றவாளி என்றார் மாரியாயி. முறுக்குதான் என்றார் அமிர்தம்.

"உன் முறுக்கு பெட்டிக்குள்ள போகும்போதே வேர்த்து ஊத்துதுக்கா!"

"சூடா வச்சா எதுல வச்சாலும் வேர்க்கும்டி. இந்த அடுப்படியில எனக்கே வேர்க்குது. நாலு மணிக்கு பாய் வண்டி வந்து ஹாரன் அடிச்சா, ஆற வைக்க நேரம் ஏது?"

சண்டை அங்கே நின்றது. இத்தனை நாளும் முறுக்கு நமுத்ததற்குக் காரணம் கவரும் இல்லை, பெட்டியும் இல்லை. நாலு மணி வேன். மதியம் சுட்டதை ஆறவிடாமல் அடைத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கவரில் நமுத்தபோது யாரும் கவரைக் குறை சொல்லவில்லை. பழகிய பொருள் தப்பு செய்யாது அல்லவா? ரசூல் பாயிடம் போனார்கள். அவர் வேனை ஏழு மணிக்குத் தள்ளிவைக்க, ஒரு மாதத்துக்கு மட்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். பலகையும் அடித்தார். பைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் காதில் விழாத அளவுக்கு அவருடைய வேன் சத்தம் போடும்.

முந்நூறு பெட்டி சென்னைக்குப் போயிற்று. அதில் ஒன்றை எடுத்துவைத்துப் பதினைந்து நாள் கழித்து ஜெயக்குமார் கடித்துப் பார்த்தார். கடை முழுவதும் கேட்டது. அந்த ஒரு கடியில் மனிதர் மாறிவிட்டார். நிஜமாகவே மாறிவிட்டார். கவர் வியாபாரியை வாசலோடு அனுப்பினார். மற்ற கடைகளுக்குப் பெட்டியும் கையுமாகப் போனார். "நான் மாறிட்டேன், நீங்க எப்ப?" என்று கேட்டார்.

என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

"தீபாவளி முடியட்டும் ஜெயக்குமார்."

வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தார். "என்ன ஜனங்க ஐயா இவங்க! ஒரு நல்லதைச் சொன்னா நாள் பார்க்கிறாங்க. இந்த ஊரு உருப்படுமா?" நான் தலையைக் குனிந்துகொண்டு எழுதிக்கொண்டிருந்தேன். சில நேரங்களில் கணக்கு எழுதுவது மிகவும் உதவியான தொழில்.

பிறகு சென்னையிலிருந்து கடிதம் வந்தது. அமிர்தம் அப்போது கடையில்தான் இருந்தார். ஜெயக்குமார் உரக்கப் படித்தார். அலுவலகத்தில் பிரித்துத் தின்று பார்த்ததில் முறுக்கு மிக நன்றாக இருந்தது. பெட்டி மிக அழகாக இருந்தது. எங்கேயும் பிளாஸ்டிக் இல்லை, அதற்காகப் பாராட்டு. அறைகளில் தங்கியவர்களிடம் கருத்து கேட்டதில், ஏறக்குறைய எல்லோருமே பிளாஸ்டிக்கை ஒழிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள்; சிலர் அடிக்கோடு போட்டிருக்கிறார்கள். ஆனால் அதே மேசையில், பெட்டிக்குப் பக்கத்தில் வேறொரு கம்பெனியின் முறுக்கையும் கண்ணாடி மாதிரி பளிச்சென்ற கவரில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அடிக்கோடு போட்டவர்கள் உட்பட எல்லோரும் கவரைத்தான் பிரித்திருக்கிறார்கள். பெட்டிகள் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன. ஏன் என்று கேட்டதற்கு, "உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லையே" என்றார்களாம். பெட்டியின் மேல் முறுக்கு என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது.

ஆகவே வருஷ ஆர்டர் உறுதி. ஆனால் தற்சமயம் வழக்கமான கவரிலேயே அனுப்பவும். பெட்டி விஷயம், தீபாவளி முடிந்ததும் பரிசீலிக்கப்படும். இப்படிக்கு, வளவன்.

ஜெயக்குமார் கடிதத்தை மடித்தார். மறுபடி பிரித்தார். மாறியிருந்த மனிதர் முகத்தில் மாறப்போகிறவர் மெல்ல மெல்லத் திரும்பி வந்து உட்காருவதை நான் பார்த்தேன். ஒரு வருஷ ஆர்டர் என்பது சின்ன விஷயம் இல்லை.

"ஒண்ணும் கவலைப்படாதம்மா. அவங்களே எழுதியிருக்காங்க பாரு. தீபாவளி முடியட்டும்."

"எந்தத் தீபாவளி சார்?" என்றார் அமிர்தம்.

அவர் கோபமாகக் கேட்கவில்லை. நாள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த வாரமே சிவகாசி வண்டி வந்து வடக்கு உத்திர வீதிப் பக்கம் திரும்ப முடியாமல் திரும்பி மெஷினை ஏற்றிக்கொண்டு போனது. கொட்டகையில் இப்போது அமிர்தமும் இரண்டு பெண்களும் பழையபடி கல்யாண ஸ்வீட் பெட்டி ஒட்டுகிறார்கள். மற்ற நால்வரில் ஒருத்தி ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். கவரில் துணி போட்டுக் கொடுக்கும் வேலை.

இவ்வளவு நேரம் ஜெயக்குமாரைப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள், எனக்குச் சந்தோஷம். ஆனால் போன புரட்டாசியில் நீங்கள் சென்னைப் பக்கம் எந்த ஓட்டலிலாவது தங்கினீர்களா? மேசைமேல் ஒரு சின்ன அட்டைப் பெட்டி இருந்ததா? கருத்துப் படிவத்தில் பூமியைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதி, அடிக்கோடும் போட்டுவிட்டு, பக்கத்திலிருந்த பளபளப்பான கவரைப் பல்லால் கடித்துப் பிரித்தீர்களா? இருக்காது. அது வேறு யாரோ. அடுத்த முறை நீங்கள் நிச்சயம் பெட்டியைத்தான் திறப்பீர்கள். எனக்குத் தெரியும். நீங்கள் அப்படிப்பட்டவர்தான்.

கடிதம் கடைக்கு வந்து சேர்ந்த தேதி: 13-10-2025. தீபாவளி: 20-10-2025.